ஆறு குதிரைகள் குறைந்தால் என்ன?

கவாஸாகி நிறுவனம் தன் நிஞ்சா 1000 எஸ்எக்ஸ் மோட்டார்சைக்கிளைப் பெருக்கி, நிஞ்சா 1100 எஸ்எக்ஸ் என்று பெயரிட்டு, 2024 டிசம்பரில் இந்தியாவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அன்றுமுதல் என் காதில் விழுந்துகொண்டிருப்பது ஒரே புலம்பல். எஞ்சின் 1043 சி.சி.யிலிருந்து 1099 சி.சி. ஆகியிருக்கிறது, ஆனால் குதிரைத்திறன் 142இலிருந்து 136 ஆகக் குறைந்துவிட்டது. 2020இல் 10.79 லட்சத்துக்கு வந்த வண்டி 2024இல் 13.49 லட்சத்துக்கு வந்தது. கூடுதல் பணம் கொடுத்து ஆறு குதிரைகளை இழப்பானேன் என்பது கேள்வி. கேட்பவர்கள் எல்லோரும் தம்மை அனுபவமுள்ள ஓட்டிகள் என்று அறிமுகப்படுத்திக்கொள்கிறார்கள்.

என் தரப்பு இதற்கு நேரெதிரானது. அந்த ஆறு குதிரைகளை அவிழ்த்துவிட்டதுதான் இந்த வண்டியில் நடந்திருக்கும் நல்ல காரியம். அதைக் குறையாகக் காண்பவர் நெடுஞ்சாலையில் இத்தகைய வண்டியை எதற்காக ஓட்டுகிறோம் என்று யோசித்ததில்லை என்றே சொல்வேன்.

தமிழ் இலக்கியம் கற்பிப்பவனுக்கு இதில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். ஒரு நாவலில் துணைப்பாத்திரம் சரியாக வார்க்கப்படவில்லை என்பதைப் பத்துப் பக்கத்துக்கு நிறுவுகிறோம். நம் பிள்ளைகள் நாள்தோறும் உயிரை ஒப்படைத்துவிட்டுப் போகும் இயந்திரத்தைப் பற்றித் தமிழில் வருவதோ பெரும்பாலும் விற்பனைத் தாளின் மொழிபெயர்ப்பு. அதில் விமர்சனம் இல்லை, எண்கள் இருக்கின்றன. எண்களுக்குப் பொருள் சொல்ல வேண்டியது விமர்சகனின் பணி என்பதை வேறு துறைகளில் நாம் ஒப்புக்கொண்டிருக்கிறோம். தவிர, எனக்கு உடனடிக் காரணம் ஒன்றும் உண்டு. என்னிடம் படித்துவிட்டு மென்பொருள் பக்கம் போய்விட்ட மாணவர் ஒருவர், வயது 27, இன்றுவரை 155 சி.சி. வண்டியைத் தவிர வேறெதையும் ஓட்டாதவர், சென்ற மாதம் வீட்டுக்கு வந்தார். "ஐயா, புதுசு வேண்டாம்னு பார்க்கிறேன். பழைய ஆயிரம் ஒண்ணு கைமாறுது. அதுல ஆறு பி.எஸ். கூட" என்றார். அவருக்குச் சொன்ன பதிலின் விரிவுதான் இது.

ஸ்போர்ட் டூரர் என்பது இரண்டு ஆசைகளை ஒரே சட்டகத்தில் பூட்டும் முயற்சி. பந்தய வண்டியின் எஞ்சினும் பிரேக்கும் வேண்டும்; நாள் முழுக்க உட்கார்ந்து போகும் இருக்கையும், காற்றைத் தடுக்கும் கண்ணாடியும், துணிமணிக்கு இடமும் வேண்டும். பந்தய வண்டிபோல் வயிற்றைத் தொட்டியின்மேல் படுக்கவைத்து ஓட்டினால் செங்கல்பட்டு தாண்டுவதற்குள் மணிக்கட்டு மரத்துவிடும். எனவே கைப்பிடி உயர்கிறது, முதுகு நிமிர்கிறது. எஞ்சினின் குணமும் அதற்கேற்ப மாறவேண்டும் அல்லவா? அதைத்தான் இப்போது செய்திருக்கிறார்கள். சிலிண்டரின் விட்டம் பழைய 77 மி.மீ. அப்படியே இருக்கிறது. பிஸ்டன் ஏறியிறங்கும் தூரத்தை மட்டும் 56இலிருந்து 59 மி.மீ. ஆக நீட்டியிருக்கிறார்கள். உச்சத் திறன் முன்பு 10,000 சுழற்சியில் கிடைத்தது, இப்போது 9,000இல். முறுக்குவிசை 111 நியூட்டன் மீட்டரிலிருந்து 113 ஆகியிருக்கிறது. அதுவும் 8,000 சுழற்சிக்குப் பதிலாக 7,600லேயே வந்துவிடுகிறது. ஐந்தாம், ஆறாம் கியர்களின் விகிதத்தையும் நீட்டி, நெடுஞ்சாலையில் எஞ்சின் இன்னும் அமைதியாகச் சுழலும்படி செய்திருக்கிறார்கள்.

முறுக்குவிசை என்பது பாடநூல் சொல். எங்கள் பக்கத்து மெக்கானிக்குகளிடம் இதைவிட நல்ல சொல் இருக்கிறது: இழுவை. 'வண்டி ஓடும், ஆனா இழுவை இல்லை' என்று அவர் சொல்லும் ஒற்றை வாக்கியத்தில், குதிரைத்திறனுக்கும் முறுக்குவிசைக்கும் உள்ள வேறுபாடு முழுமையாக அடங்கிவிடுகிறது. ஓட்டம் என்பது கடைசியில் எவ்வளவு வேகம் எட்டுகிறது என்பது. இழுவை என்பது நான் கேட்ட கணத்தில், கேட்ட இடத்தில், கியரை மாற்றாமல் வண்டி என்ன தருகிறது என்பது. மேல்மருவத்தூரைத் தாண்டி ஒரு கரும்பு லாரியின் பின்னால் 50இல் போய்க்கொண்டிருக்கும்போது, வலப்புறம் திறக்கும் இடைவெளியில் அதைக் கடக்க எனக்குத் தேவைப்படுவது இழுவை. ஓட்டத்தைப் பற்றி அந்த நேரத்தில் யாருக்கும் கவலை இல்லை.

அந்த ஆறு குதிரைகள் எங்கே குடியிருந்தன என்று பார்க்கலாம். 9,000 சுழற்சிக்கு மேலே. எஞ்சின் அந்தச் சுழற்சியைத் தொடும்போது வண்டி முதல் கியரிலேயே 80 கி.மீ. வேகத்தைத் தாண்டியிருக்கும். இரண்டாம் கியரில் 120. ஆறாம் கியரைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஒன்றிய அரசு 2018இல் வெளியிட்ட அறிவிக்கை நான்குவழிச் சாலையில் மோட்டார்சைக்கிளுக்கு விதித்த உச்சவரம்பு 80. (அந்த வரம்புகள் மிகை என்று சொல்லிச் சென்னை உயர்நீதிமன்றம் 2021இல் அவ்வறிவிக்கையை ரத்து செய்தது தனிக்கதை.) அந்த 80இல் ஆறாம் கியரில் எஞ்சின் 3,000 சுழற்சியை ஒட்டித்தான் நிற்கிறது. ஆக, விற்பனைத் தாளில் எல்லோரும் முதலில் தேடும் எண், நாம் ஓட்டும் இடத்திலிருந்து 6,000 சுழற்சி தள்ளியிருக்கிறது. அந்தக் குதிரைகளை ஒருமுறையேனும் நேரில் சந்தித்தவர்கள் இந்தப் புலம்பல்காரர்களில் எத்தனை பேர்?

இது ஒரு நிறுவனத்தின் தனிப்பட்ட மனமாற்றமும் அன்று. சுஸுகியின் ஹயபுஸாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1999இல் வந்தபோது உலகத்தின் அதிவேகத் தயாரிப்பு மோட்டார்சைக்கிள் என்பதே அதன் முகவரி, 300 கி.மீ.யைத் தாண்டியது. அரசுகள் தடை விதித்துவிடும் என்ற அச்சத்தில் நிறுவனங்கள் தங்களுக்குள் ஒரு கனவான் ஒப்பந்தம் செய்துகொண்டு 299இல் கோடு போட்டன. நம் ஊரில் அதன் புகழைப் பரப்பியது 2004இல் வந்த 'தூம்' இந்திப் படம். அந்த ஹயபுஸாவே 2021இல் மூன்றாம் பிறவி எடுத்தபோது 197 பி.எஸ்.ஸிலிருந்து 190க்கு இறங்கியது. இங்கும் அதே புலம்பல் கேட்டது. உச்சத்தைத் தியாகம் செய்து நடுப்பகுதியைத் தேற்றுவது என்ற முடிவுக்கு, வேகத்தின் பெயராலேயே வாழ்ந்த ஒரு வண்டி தன் 22ஆம் வயதில் வந்துசேர்ந்தது. அதன் ரசிகர்கள் இன்னும் வரவில்லை.

இனி ஓட்டிய அனுபவம். இருபதாண்டுகளாக என்னோடு சேர்ந்து ஓட்டிவரும் நண்பர் தம் 1100 எஸ்எக்ஸை நான்கு நாட்கள் என்னிடம் விட்டுவைத்தார். முதல் சோதனை வீட்டு வாசலிலேயே தொடங்கியது. ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து வேளச்சேரி சாலையில் ஏறி, செம்பாக்கம், கௌரிவாக்கம், சந்தோஷபுரம் வழியாக மேடவாக்கம்வரை செல்லும் அந்தச் சில கிலோமீட்டர்களை எந்த வெளிநாட்டு மதிப்புரையாளரும் கணக்கில் எடுத்ததில்லை. எதிர்த்திசையில் ஓரமாக வரும் ஸ்கூட்டர்கள், நடுச்சாலையில் ஆளிறக்கும் ஷேர் ஆட்டோக்கள், பள்ளம் தோண்டி அரைகுறையாக மூடிய ஓரங்கள். எல்லாவற்றுக்கும் மேல், மூடி சரியில்லாமல் சாலையெல்லாம் நீரைச் சிந்திக்கொண்டே போகும் தண்ணீர் லாரி. கோடைக்காலத் தார்ச்சாலையில் அது விட்டுச்செல்லும் ஈரக்கோடு, எண்ணெயும் தூசியும் கலந்த வழுக்கல். 190 மி.மீ. அகலப் பின்சக்கரம் அதன்மீது ஏறும்போது 136 குதிரைகளும் வாயைப் பொத்திக்கொண்டு வரவேண்டும்.

வந்தன என்பதே செய்தி. இரண்டாம் கியரில் 20 கி.மீ. வேகத்தில், த்ராட்டிலை மயிரிழை திறந்தால் மயிரிழை அளவே நகர்ந்தது. பழைய ஆயிரத்தை நான் ஓட்டியிருக்கிறேன்; அதுவும் முரடன் அல்லன். ஆனால் புதியது இந்த மந்தகதியில் இன்னும் நிதானம். கிளட்ச் பிடிக்காமல் கியர் மாற்றும் வசதி இப்போது 1,500 சுழற்சியிலிருந்தே வேலை செய்வது பந்தயக்காரனுக்குப் பொருட்டில்லை. வேளச்சேரி சாலைக்காரனுக்கு அது இடக்கையின் விடுதலை. சேலையூர் கேம்ப் ரோடு சந்திப்பில் நிற்கும்போது ரேடியேட்டர் விசிறி சுழன்று வெப்பம் முழங்காலைத் தேடி வரத்தான் செய்கிறது. நான்கு சிலிண்டர்களை வரிசையாக அடுக்கிய எந்த லிட்டர் எஞ்சினும் நம் மே மாதத்தில் வேறெப்படியும் இருக்க முடியாது. அதைத் தாங்காதவர் இவ்வகை வண்டியையே நாடக்கூடாது.

வேகத்தடைகளைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். வண்டியின் அடிவயிற்றுக்கும் தரைக்கும் இடையே 135 மி.மீ. இந்திய சாலைப் பேராயத்தின் வரையறைப்படி வட்டவடிவ வேகத்தடை 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்டிருக்கவேண்டும். அப்படி ஒன்று எங்கள் பகுதியில் இருந்திருந்தால் கவலையின்றி ஏறி இறங்கியிருப்பேன். இருப்பவை பலவும் தெருவாசிகள் தத்தம் அச்சத்தின் அளவுக்கேற்பக் கட்டிக்கொண்டவை. அவற்றை வேகம் குறைத்துக் குறுக்காகக் கடக்கக் கற்றுக்கொண்டபின் பிரச்சினை இல்லை. ஆனால் பின்னால் ஒருவரை ஏற்றி, இருபுறமும் பெட்டி மாட்டியிருந்தால் இதையே சொல்வேனா என்பது ஐயம்.

மூன்றாம் நாள் அதிகாலை ஜி.எஸ்.டி. சாலை வழியே தெற்கே புறப்பட்டேன். திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்ப்பேட்டை, அங்கிருந்து சேலம் சாலை, பிறகு கொல்லிமலை. 350 கிலோமீட்டருக்கு மேல். இந்த வண்டி பிறந்ததே இந்தப் பகுதிக்காகத்தான் என்று பரனூரைத் தாண்டியதுமே தெரிந்துவிட்டது. எஞ்சின் முணுமுணுக்கிறது; காற்று தலைக்கவசத்தின் மேல்விளிம்பில் தொட்டுவிட்டுப் போகிறது. உளுந்தூர்ப்பேட்டையில் இறங்கியபோது உடம்பில் எங்கும் வலி இல்லை. லிட்டருக்கு 17, 18 கி.மீ. கொடுத்தது. 19 லிட்டர்த் தொட்டி. ஆகவே 300 கி.மீ.க்கு ஒருமுறை நின்றால் போதும். அதற்கு முன்பே நம் முதுகு நிற்கச் சொல்லிவிடும் என்பதால் கணக்கு சரியாகவே இருக்கிறது.

கொல்லிமலையில் காட்சி மாறியது. காரவள்ளியிலிருந்து மேலேறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். இதை ஸ்போர்ட் டூரரின் சொர்க்கம் என்று யாரேனும் சொன்னால், அவர் படம் பார்த்துவிட்டுப் பேசுகிறார் என்று பொருள். 238 கிலோ எடை, 835 மி.மீ. உயர இருக்கை, நடுத்தர உயரமுள்ள நம்மவர்களுக்கு இரு பாதங்களும் முழுமையாகத் தரையில் பதியாது. வளைவு ஒவ்வொன்றும் முதல் கியரில், 15 கி.மீ. வேகத்தில், எதிரே பேருந்து வருகிறதா என்று எட்டிப்பார்த்துக்கொண்டே எடுக்கவேண்டியது. நாற்பதாவது வளைவில் எனக்கு வியர்த்துவிட்டது. என் பக்கத்தில் ஒருவர் 100 சி.சி. வண்டியில் பின்னால் மனைவியையும் முன்னால் பலாப்பழத்தையும் வைத்துக்கொண்டு சிரித்தபடி கடந்து போனார். மலையேற்றத்தில் அவரே அனுபவமுள்ள ஓட்டி. நான் எடை தூக்கிக்கொண்டிருந்தேன். இந்த வளைவுகளில் என்னைக் காப்பாற்றியவை அடிமட்ட இழுவையும், 250இலிருந்து 260 மி.மீ. ஆகப் பெரிதாக்கப்பட்ட பின் பிரேக் தட்டும்தான். 10,000 சுழற்சிக்காரர்கள் இவ்விரண்டையும் பற்றி ஒரு வார்த்தை எழுதிப் பார்த்ததில்லை.

எண்களின்மீது மோகம் இருப்பவர்கள் மனப்பாடம் செய்யவேண்டிய எண்கள் வேறு. ஆபத்தைக் கண்டு கை பிரேக்கைத் தொட ஒரு நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். காய்ந்த தார், நல்ல டயர், புவியீர்ப்பு முடுக்கத்தில் பத்தில் எட்டு பங்கு பிரேக் பிடிக்கத் தெரிந்த கை. 100 கி.மீ. வேகத்தில் அந்த ஒரு நொடியிலேயே 28 மீட்டர் போயிருப்போம், நிற்க இன்னும் 49 மீட்டர், மொத்தம் 77. வேகம் 140 ஆனால் மொத்தம் 135 மீட்டர். 200 ஆனால் ஏறத்தாழ 250 மீட்டர், அதாவது கால் கிலோமீட்டர். வேகம் இருமடங்கானால் பிரேக் தூரம் நான்கு மடங்கு என்ற பள்ளிக்கூடப் பாடம்தான் இது. அச்சிறுபாக்கம் பக்கம் நடுத்திட்டின் இடைவெளியில் ஒருவர் ஆட்டை ஓட்டிக்கொண்டு சாலைக்குள் இறங்கும்போது உங்களுக்குக் கால் கிலோமீட்டர் கிடைக்குமா? வண்டியின் சாய்வை அளந்து வளைவிலும் பிரேக்கைச் சீராக்கும் மின்னணு ஏற்பாடுகள் இந்த வண்டியில் உள்ளன. நன்றாகவும் வேலை செய்கின்றன. அவற்றால் சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்க முடியும். ஒரு நொடியை அரை நொடி ஆக்க முடியாது.

இன்னொரு விநோதத்தையும் சொல்லிவிடுகிறேன். இத்தகைய வண்டிக்கு ஏற்ற சாலை எது? குறுக்கே ஆடும் மனிதரும் வராத, வேலியிட்ட விரைவுச்சாலை. அத்தகைய பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலையின் பிரதானப் பாதையில் 2023 ஆகஸ்ட் முதல் மோட்டார்சைக்கிள்களுக்கு இடமில்லை. 50 சி.சி.யையும் 1,100 சி.சி.யையும் ஒரே கயிற்றால் கட்டிய ஆணை. வரி வாங்கும்போது மட்டும் அரசுக்கு வேறுபாடு தெரிகிறது: 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 40 விழுக்காடு. சாலைக்கு ஒரு சட்டம், சந்தைக்கு ஒரு சட்டம்.

சரி, 'அனுபவமுள்ள ஓட்டி' என்பவர் யார்? நம் நாட்டில் இது தனக்குத்தானே சூட்டிக்கொள்ளும் பட்டம். பதினெட்டு வயதானவர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் மாமாவின் 100 சி.சி. வண்டியில் எட்டு போட்டுக் காட்டினால் போதும். கியர் உள்ள மோட்டார்சைக்கிள் என்று ஒரே உரிமம். மறுநாளே 190 பி.எஸ். ஹயபுஸாவில் ஏறினாலும் சட்டம் தடுக்காது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2013 முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி பதினெட்டு வயதுக்காரருக்கு 35 கிலோவாட், அதாவது சுமார் 47 பி.எஸ். வரைதான் அனுமதி. அதில் இரண்டு ஆண்டுகள் ஓட்டியபின் அடுத்த படி. நேரடியாகப் பெரிய வண்டிக்கு வர விரும்புபவர் பொதுவாக 24 வயதுவரை காத்திருக்கவேண்டும். இந்த நிறுவனத்தின் தாயகமான ஜப்பானிலும் 400 சி.சி.க்கு மேல் ஓட்டத் தனி உரிமம். அவர்கள் 'அனுபவமுள்ளவர்களுக்கு' என்று எழுதும்போது அச்சொல்லுக்குப் பின்னால் ஒரு தேர்வும் சில ஆண்டுகளும் இருக்கின்றன. நாம் அச்சொல்லை மட்டும் இறக்குமதி செய்துகொண்டோம்.

நகைமுரண் என்னவென்றால், அந்த 47 பி.எஸ். படிக்கட்டை நமக்காகவே யாரோ செய்ததுபோல் பக்கத்திலேயே செய்கிறார்கள். தாம்பரத்துக்கு மேற்கே ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் ஆலைகள் வைத்திருக்கும் ராயல் என்ஃபீல்டின் 650 இரட்டைச் சிலிண்டர் வண்டி 2018இல் வந்தபோது அதன் திறன் 47 பி.எஸ். ஐரோப்பாவின் இடைநிலை உரிமத்துக்குப் பொருந்தும்படி அளவெடுத்த வண்டி. அங்கே அது ஒரு பள்ளிக்கூடம். இங்கே, 'நாற்பத்தேழுதானா?' என்று உதட்டைப் பிதுக்குகிறார்கள்.

மறுபுறம் நிற்கும் ஒழுக்கவாதிகளையும் விட்டுவைக்க விருப்பமில்லை. 2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் தாமல் அருகே ஒரு யூடியூபர் ஹயபுஸாவின் முன்சக்கரத்தைத் தூக்கிச் சாகசம் செய்யப்போய் விழுந்தார். அவருடைய உரிமம் பத்தாண்டுகளுக்கு முடக்கப்பட்டது. அதில் எனக்கு மறுப்பில்லை. பிணை விசாரணையில் அந்த வண்டியை எரித்துவிடலாம் என்று நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது செய்தியானதும், பேராசிரிய நண்பர்கள் பலர் கைதட்டினார்கள். வண்டியை எரித்தால் மனம் குளிரும், வேறென்ன நடக்கும்? ஒன்றிய அரசின் கணக்குப்படி 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடு முதலிடம்: 64,105. பத்து லட்சத்துக்கு மேல் விலையுள்ள வண்டிகள் இந்தக் கணக்கில் தூசு. பணியில் சேர்ந்த நாளிலிருந்து மாணவர்களுக்காக இரண்டுமுறை பிணவறை வாசலில் நின்றிருக்கிறேன். இருவரும் வந்தது 150 சி.சி.க்கு உட்பட்ட வண்டிகளில். இருவர் தலையிலும் கவசம் இல்லை. ஒருவருடைய வருகைப்பதிவேட்டில் அன்று காலை நான் வைத்த குறி அப்படியே இருந்தது.

வேகத்தைப் பழிப்பதும் வேகத்தைத் தொழுவதும் ஒரே அறியாமையின் இரு முகங்கள். குறுங்குடி மருதனார் பாடிய அகநானூற்று 4ஆம் பாட்டை முதலாண்டு மாணவர்களுக்கு நடத்தும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்வேன். பூவில் துணையோடு தேனுண்ணும் வண்டினம் கலைந்துவிடக்கூடாது என்று அஞ்சி, தலைவன் தேர்மணிகளின் நாவைக் கட்டிவிட்டு வருகிறான். கவனியுங்கள், அவன் தேரை உருட்டிக்கொண்டு வரவில்லை. குதிரைகளை முடுக்கித்தான் வருகிறான். ஓசையை மட்டும் அடக்குகிறான். எங்கள் செம்பாக்கம் ஏரிக்கரையில் ஞாயிறு விடியற்காலை நாலரை மணிக்கு சைலன்சரைக் கழற்றி மாற்றிய வண்டிகள் கிளம்பும்போது, ஏரியிலுள்ள நீர்க்கோழிகளோடு சேர்ந்து தெருவிலுள்ள கிழவர்களும் அலறி எழுகிறார்கள். நண்பரின் 1100இல் ஆலையிலிருந்து வந்த சைலன்சரே இருந்தது. நான்காம் நாள் காலை நான் கிளம்பியது எதிர்வீட்டு நாய்க்குக்கூடத் தெரியவில்லை. 'இவ்வளவு பணம் கொடுத்தும் சத்தமே இல்லையே' என்று தேநீர்க்கடையில் ஒருவர் வருத்தப்பட்டார். அவருக்கும் ஆறு குதிரைகளுக்காக அழுபவருக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

வண்டியில் எனக்குக் குறை இல்லாமல் இல்லை. பயணத்துக்கென்று விற்கும் வண்டிக்கு நடு ஸ்டாண்டு இல்லை. சங்கிலி ஓட்டம், சில நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் தெளிக்கவேண்டும். நடு ஸ்டாண்டு இல்லாமல் விடுதி வாசலில் 238 கிலோவை முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டு சங்கிலிக்கு எண்ணெயிடுவது நாற்பதைத் தாண்டியவன் செய்யும் காரியமா? பக்கப் பெட்டிகளுக்குத் தனிப் பணம். அடிவயிறு இன்னும் இரண்டு விரற்கடை உயர்ந்திருக்கலாம். இந்தக் குறைகளைப் பற்றி நிறுவனத்தோடு சண்டை போட்டிருந்தால் புலம்பல்காரர்களோடு நானும் சேர்ந்திருப்பேன்.

மாணவருக்குச் சொன்னது இவ்வளவுதான். பழைய ஆயிரம் வேண்டாம், புதிய ஆயிரத்து நூறும் இப்போது வேண்டாம். இரண்டு ஆண்டுகள் ஒரு 650இல் மழையும் வெயிலும் பாருங்கள். இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் ஒரு பந்தயத் தடம் இருக்கிறது. உயர்சுழற்சியைப் பார்த்தே தீரவேண்டும் என்றால் பயிற்சியாளர் துணையோடு அங்கே போய்ப் பாருங்கள். பிறகு வாருங்கள், கடைக்கு நானே உடன் வருகிறேன். அவருக்கு முகம் வாடிவிட்டது. "கடனுக்கு ஒப்புதல் வந்துடுச்சு ஐயா" என்றார். உங்கள் வண்டி 60 கி.மீ. வேகத்திலிருந்து எத்தனை மீட்டரில் நிற்கும் என்று கேட்டேன். நாலைந்து மீட்டர் இருக்கும் என்றார். நல்ல கையென்றால் பதினெட்டு, பழகாத கையென்றால் இருபத்தைந்துக்கு மேல் என்றேன், நம்பவில்லை.

வருகிற ஞாயிறு காலை ஐந்தரை மணிக்கு அவர் தம் 155 சி.சி. வண்டியோடு வருகிறார். மாடம்பாக்கம் பக்கம் ஒரு காலி மனைப்பிரிவில் ஆளில்லாத தார்ச்சாலை பார்த்து வைத்திருக்கிறேன். வீட்டிலிருந்த தையல் நாடா ஒன்றரை மீட்டர்தான். சேலையூர் இரும்புக்கடையில் 30 மீட்டர் நாடா ஒன்று வாங்கியாகிவிட்டது.